தொண்டர்களாய்த் தொடங்கிய படையணி
கொழும்பின் பட்டாளக் கதை – 7

சென்ற அத்தியாயத்தில் இலங்கை ரைபிள் படையணியின் முடிவைப் பார்த்தோம். மலாய் வீரர்களை முதுகெலும்பாகக் கொண்டிருந்த அந்தப் படையணியைப் பிரித்தானியர் 1870களின் முற்பகுதியில் கலைத்தார்கள். செலவு மிச்சமாயிற்று. ஆனால், உள்ளூர் மக்களைக் கொண்ட படை என்று சொல்ல இத்தீவில் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்த படையணிதான் இந்த வாரத்தின் நாயகன்.

அந்தப் படையணி கொழும்பில் பிறந்தது. முழுநேரச் சிப்பாய்களால் அல்ல, பகலில் கந்தோருக்குப் போய் மாலையில் அணிவகுப்புக்கு வந்த தொண்டர்களால் உருவானது. இன்று அதன் பெயர் இலங்கை இலகு காலாட்படை. 1983 யூலையில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கொல்லப்பட்ட பதின்மூன்று சிப்பாய்களும் இந்தப் படையணியின் முதலாம் பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய உடல்களுக்காகப் பொரளை கனத்தை மயானத்தில் திரண்ட கூட்டத்திலிருந்து கிளம்பிய தீதான் வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் எரித்தது. பல பத்தாண்டுகளாகப் பல இனத்தவரும் தோளோடு தோள் நின்ற ஒரு படையணி, அதே நகரத்தின் ஒரு பகுதி மக்களுக்கு எப்படி அந்நியமாகிப் போனது? படையில் யார் இருக்கிறார்கள் என்பதற்கும் படை யாரைக் காக்கும் என்பதற்கும் என்ன உறவு? இந்த அத்தியாயம் தேடுவது இதற்கான விடையைத்தான்.

மாலைநேரச் சிப்பாய்கள்

1881 ஏப்ரல் 1ஆம் திகதி, இலங்கை இலகு காலாட்படைத் தொண்டர்கள் என்ற பெயரில் இந்தப் படையணி பிரகடனத்தின் மூலம் அமைக்கப்பட்டது. லெப்டினன்ட் கேணல் ஜோன் ஸ்கொட் ஆமிட்டேஜ் முதல் கட்டளை அதிகாரி. வேல்ஸ் இளவரசர் கௌரவக் கேணல். இலங்கை இராணுவத் தொண்டர் படை இன்றும் தன் பிறந்த நாளாகக் கொள்வது இந்த ஏப்ரல் முதலாம் திகதியைத்தான்.

அந்நாளில் தொண்டர் படை என்றால் என்ன? அரசாங்க எழுதுவினைஞர், வழக்கறிஞர், ஆசிரியர், வர்த்தக நிறுவனத்து உதவியாளர் என்று தொழில் செய்து பிழைப்பவர்கள். வேலை முடிந்த பிறகு அணிவகுப்புப் பயிற்சி, ஓய்வு நாட்களில் துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சி, ஆண்டுக்கொரு முறை முகாம். ஆபத்துக் காலத்தில் அரசு அழைத்தால் முழுநேரச் சேவை. பிரித்தானிய அரசுக்கு இது மலிவான ஏற்பாடு. கொழும்பின் ஆங்கிலம் படித்த நடுத்தர வர்க்கத்துக்கோ, சீருடை ஒரு கௌரவம். அதிகாரிப் பதவிகளில் ஆரம்பத்தில் ஐரோப்பியரே நிறைந்திருந்தார்கள். அணியில் நின்றவர்கள் பறங்கியர், சிங்களவர், தமிழர், மலாயர். அதே 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் அதிபர் ஜோன் கல் தொடங்கிய மாணவர் படையும் இந்தத் தொண்டர் படையணியோடு இணைக்கப்பட்டிருந்தது. நாட்டின் மாணவர் படையணிக்கு அதுவே வித்து.

படையணி பிறந்த இரண்டாம் ஆண்டிலேயே கொழும்பு தன் காயங்களில் ஒன்றைக் கண்டது. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் கொட்டாஞ்சேனை விகாரையை நோக்கி வந்த பௌத்தப் பெரஹரா, சாந்த லூசியா பேராலயத்தின் அயலில் கத்தோலிக்கரோடு மோதியது. ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தார்கள். அந்தக் கலவரத்துக்குப் பௌத்தர்களின் சார்பில் நியாயம் கேட்டு கேணல் ஒல்கொட் இலண்டன் போனார். வெசாக் பௌர்ணமி 1885 முதல் பொது விடுமுறையானதற்குப் பின்னணி அந்தக் கொட்டாஞ்சேனைத் தெருதான். வெளிநாட்டு எதிரி கொழும்புக்கு வருவது அபூர்வம், அயலவன் அயலவனோடு மோதுவதோ அடிக்கடி நடக்கும் என்பதை அரசு அன்றே அறிந்துகொண்டது. ஆகவே இத்தீவின் படைக்கு வாய்த்த வேலை பெரும்பாலும் உள்ளூர் வேலைதான். உள்ளூர் வேலையில் இறங்கும் படைக்கு அணிவகுப்பைவிட அதிகம் வேண்டியது, ஊராரின் நம்பிக்கை.

தாய்ப் படையணியிலிருந்து கிளைகள் பிரிந்தன. குதிரைப் பிரிவு தனியே போய் இலங்கைக் குதிரைக் காலாட்படை ஆயிற்று. தோட்டத்துரைமாருக்கென்று 1900இல் தோட்டத்துரைமார் ரைபிள் படை அமைந்தது. அதில் ஐரோப்பியருக்கு மட்டுமே இடம். அதே காலத்தில் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகள் சுமார் 5,000 பேர் தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களைக் காவல் காத்தவர்களில் இந்த மாலைநேரச் சிப்பாய்களும் இருந்தார்கள். 1910இல் தொண்டர் பிரிவுகள் எல்லாம் இலங்கைப் பாதுகாப்புப் படை என்ற குடைக்கீழ் வந்தபோது, நம் படையணி இலங்கை இலகு காலாட்படை என்ற பெயரை எடுத்தது.

1915: துப்பாக்கி யார் கையில்?

யூலை 1983ஐப் புரிந்துகொள்ள முதலில் 1915ஐப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆண்டு மே மாத இறுதியில் கண்டியில் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட கலவரம் யூன் தொடக்கத்தில் கொழும்புக்குப் பரவியது. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் சூறையாடப்பட்டன. ஆளுநர் சேர் றொபேட் சாமர்ஸ் யூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டத்தை அறிவித்தார்.

முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அந்தப் போருக்கென்றே கொழும்பு நகரக் காவல் படை என்றொரு தொண்டர் படை 1914இல் உருவாகியிருந்தது. அதன் கப்டன்களில் ஒருவர் ஹென்றி பேதிரிஸ். கொழும்பின் பெரும் செல்வக் குடும்பத்துச் சிங்கள இளைஞர், வயது இருபத்தாறு. கலவரத்தைத் தூண்டினார், தேசத்துரோகம் செய்தார் என்று குற்றஞ்சாட்டி, இராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. 1915 யூலை 7ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசின் சீருடையை விரும்பி அணிந்த தொண்டர் அதிகாரி ஒருவர், அந்த அரசின் துப்பாக்கிகளாலேயே இறந்தார்.

அதே நாட்களில் ஐரோப்பியத் தோட்டத்துரைமாரும் வர்த்தகர்களும் துப்பாக்கி ஏந்தி ஊர்ஊராகப் போனார்கள். விசாரணையில்லாமல் சிங்களக் கிராமத்தவர்கள் சுடப்பட்டார்கள். இதைச் சட்டசபையில் எழுந்து கேட்டவர் ஒரு தமிழர், சேர் பொன்னம்பலம் இராமநாதன். நீர்மூழ்கிகள் திரிந்த கடலில் இலண்டன் வரை போய் வாதாடினார். இராணுவச் சட்டத்தின் கொடுமைகளை விவரித்து 1916இல் நூலும் வெளியிட்டார். அவர் திரும்பி வந்தபோது சிங்களத் தலைவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, அவருடைய வண்டியைத் தாங்களே இழுத்துச் சென்றார்கள். கடைகளையும் பள்ளிவாசல்களையும் இழந்த முஸ்லிம்களுக்கு அந்த வாதம் ஆறாத மனக்காயமாக நின்றது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமைபெறும்.

1915 விட்டுச்சென்ற பாடம் தெளிவானது. ஓர் இனத்தார் மட்டும் துப்பாக்கி ஏந்தி நிற்க, இன்னோர் இனத்தார் சந்தேகத்துக்குரியவர்களாகக் குறிக்கப்படும்போது, சட்டம் மௌனமாகிவிடுகிறது. அன்று அந்தப் பாடத்தைத் தங்கள் இரத்தத்தால் படித்தவர்கள் சிங்களவர்கள். அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து அதே பாடம் வேறொரு மக்களின் தலைமேல் இறங்கியது.

கட்டளையிட்ட தமிழர்

இரண்டாம் உலகப் போர் இந்தப் படையணியைப் பெருக்கியது. 1942 ஏப்ரல் 5, மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறு, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. துறைமுகம், விமானத்தளம், எண்ணெய்க் குதங்கள் என்று காவல் காக்க வேண்டிய இடங்கள் பல. அதற்காகப் புதிய பட்டாலியன்கள் எழுந்தன. மாலைநேரச் சிப்பாய்கள் ஆண்டுக்கணக்கில் முழுநேரச் சிப்பாய்களானார்கள்.

அவர்களில் ஒருவர் அன்ரன் முத்துக்குமாரு. 1908இல் பிறந்தவர். கொழும்பு சென் ஜோசப் கல்லூரியில் படித்து, ஒக்ஸ்போர்டில் பட்டம் பெற்று, பாரிஸ்டராகத் திரும்பியவர். 1934இல் இலகு காலாட்படையில் தொண்டர் அதிகாரியாகச் சேர்ந்தார். வழக்கறிஞர் தொழில் ஒரு பக்கம், சீருடை மறு பக்கம். தொண்டர் படை என்ற ஏற்பாடு உருவாக்க விரும்பிய மனிதர் எப்படிப்பட்டவர் என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் கிடையாது.

சுதந்திரம் வந்தது. 1949ஆம் ஆண்டின் இராணுவச் சட்டத்தின்படி அந்த ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி இலங்கை இராணுவம் உருவானது. வழமைப் படை, தொண்டர் படை என்று அதற்கு இரண்டு கைகள். இலகு காலாட்படைக்கும் அப்படியே இரண்டு கைகள் அமைந்தன. முதலாம் பட்டாலியன் சம்பளத்துக்கு முழுநேரச் சேவை செய்தது. இரண்டாம் பட்டாலியன் பழைய தொண்டர் மரபைத் தொடர்ந்தது. இராணுவத்தின் முதல் தளபதிகள் பிரித்தானியர். 1955 பெப்ரவரியில் அந்தப் பதவிக்கு முதல் இலங்கையராக வந்தவர் அன்ரன் முத்துக்குமாரு. தொண்டராகச் சேர்ந்த ஒரு தமிழர் நாட்டின் இராணுவத்துக்கே தளபதியானார். அதை அன்று யாரும் அதிசயமாகப் பேசவில்லை. அடுத்த சில ஆண்டுகளில், 1960இல், கடற்படைத் தளபதியானவர் ராஜன் கதிர்காமர். அவரும் தமிழர்தான்.

முத்துக்குமாருவின் பதவிக்காலத்திலேயே முதற் சோதனை வந்தது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம். 1958 மே மாதத்தில் இனக்கலவரம். மே 27ஆம் திகதி ஆளுநர் நாயகம் சேர் ஒலிவர் குணதிலக்க அவசரகால நிலையை அறிவித்தார். இராணுவம் தெருவில் இறங்கியது. கொழும்புப் பள்ளிக்கூடங்களில் தஞ்சம் புகுந்திருந்த ஆயிரக்கணக்கான தமிழர்கள் கப்பல்களில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டார்கள். உயிரிழப்பும் கொடுமையும் நிறைந்த நாட்கள் அவை. அவசரகால நிலையை முன்னரே கொண்டுவந்திருந்தால் பல உயிர்கள் தப்பியிருக்கும் என்பதும் உண்மை. ஆனாலும், படை இறங்கிய பிறகு காடையர் பின்வாங்கினார்கள். சீருடையைக் கண்டால் தமிழ்க் குடும்பம் ஒளித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே தெருக்களில் அந்த நிலைமை தலைகீழாகியிருந்தது.

வாசல் அடைபட்ட விதம்

இந்த மாற்றம் ஒரே நாளில் நடந்ததல்ல. ஒன்றன்பின் ஒன்றாகச் சில கதவுகள் மூடப்பட்டன.

முதற் கதவு மொழி. தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு அரச சேவை முழுவதிலும் சிங்களம் தெரியாதவனுக்கு எதிர்காலம் இல்லை என்றாயிற்று. இராணுவத்துக்கும் அது விலக்கல்ல.

இரண்டாவது, படையின் பயன்பாடு. 1961இல் தமிழரசுக் கட்சி வடக்கு கிழக்கில் கச்சேரிகளுக்கு முன்னால் சத்தியாக்கிரகம் நடத்தியது. ஏப்ரல் மாதம் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்ட படைக்குத் தலைமை தாங்கியவர் கேணல் றிச்சட் உடுகம. அமைதியாக அமர்ந்திருந்தவர்களை இராணுவம் அடித்துக் கலைத்தது. தலைவர்கள் கைதானார்கள். யாழ்ப்பாணத்து மக்கள் இராணுவத்தை அரசியல் எதிரியின் கையாளாகக் கண்டது அப்போதிருந்துதான்.

மூன்றாவது, 1962 ஜனவரியில் வெளிப்பட்ட இராணுவச் சதி. சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசைக் கவிழ்க்கத் திட்டமிட்டதாகப் படை அதிகாரிகளும் பொலிஸ் அதிகாரிகளும் கைதானார்கள். அவர்களில் முன்னணியில் நின்றவர் தொண்டர் படையின் பிரதிக் கட்டளை அதிகாரி கேணல் எப். சி. டி சேரம். சந்தேகநபர்களில் சிங்களவரும் பறங்கியரும் தமிழரும் இருந்தார்கள். ஏறத்தாழ எல்லோரும் கிறிஸ்தவர்கள், ஆங்கிலம் படித்த மேட்டுக்குடியினர். தண்டிக்கப்பட்டவர்களைப் பின்னர் 1965இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் விடுதலை செய்தது. ஆனால் கொழும்பில் தீர்ப்பு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. தொண்டர் படையின் சில பிரிவுகள் கலைக்கப்பட்டன. அரசு இனிமேல் நம்பக்கூடிய சிப்பாய் சிங்கள பௌத்தன்தான் என்ற எண்ணம் வேரூன்றியது. 1964இல் இராணுவத் தளபதியாக நியமிக்கப்பட்டவர் அதே உடுகம.

படையணிகளின் பெயர்களைப் பார்த்தாலே திசை தெரியும். 1956இல் சிங்கப் படையணி. 1962இல் எல்லாளனை வென்ற துட்டகைமுனுவின் பெயரில் கெமுனு காவற்படை. 1983இல் கஜபா. இலகு காலாட்படைக்கு மட்டும் பழைய பெயரே நிலைத்தது. 1972இல் நாடு குடியரசானபோது அதன் ஆங்கிலப் பெயரில் இருந்த ‘சிலோன்’ மட்டும் ‘ஸ்ரீலங்கா’ ஆயிற்று. ஆனால் உள்ளே சேர்ந்தவர்கள் மாறிவிட்டார்கள். 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தபோது தொண்டர்கள் பணிக்கு அழைக்கப்பட்டார்கள். அந்தக் கிளர்ச்சிக்குப் பிறகு இராணுவம் வேகமாகப் பெருத்தது. பெருத்த படைக்குள் தமிழ் இளைஞன் நுழையும் வாசல் ஏறக்குறைய அடைபட்டிருந்தது. தரப்படுத்தலால் பல்கலைக்கழக வாசலும் ஒடுங்கிய காலம் அது. அரசின் சீருடை மறுக்கப்பட்ட தலைமுறை வேறொரு சீருடையைத் தேடியது.

1979 யூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேறியது. பிரிகேடியர் திஸ்ஸ வீரதுங்க, ஆண்டு முடிவதற்குள் பயங்கரவாதத்தை ஒழிக்கும்படி பணிக்கப்பட்டு யாழ்ப்பாணம் அனுப்பப்பட்டார். கொழும்பில் மாலை அணிவகுப்பாகத் தொடங்கிய படையணியின் பிள்ளைகள் இப்போது பலாலி வீதியில் இரவு ரோந்து போனார்கள். அந்த மக்களின் மொழி அவர்களுக்குத் தெரியாது. மக்களுக்கும் அவர்களைத் தெரியாது.

பதின்மூன்று உடல்கள், ஒரு நகரம்

1983 யூலை 15ஆம் திகதி மீசாலையில் நடந்த சுற்றிவளைப்பில் விடுதலைப் புலிகளின் முக்கியத் தளபதி சார்ள்ஸ் அன்ரனி, சீலன் என்று அறியப்பட்டவர், உயிரிழந்தார். எட்டு நாள் கழித்து, 23ஆம் திகதி சனிக்கிழமை இரவு, நள்ளிரவை நெருங்கும் நேரம். முதலாம் இலகு காலாட்படையின் ரோந்து அணியொன்று ஒரு ஜீப்பிலும் ஒரு லொறியிலும் திருநெல்வேலி தபாற்பெட்டிச் சந்தியை நெருங்கியது. அணித் தலைவர் இரண்டாம் லெப்டினன்ட் வாஸ் குணவர்தன. வீதியில் புதைக்கப்பட்ட கண்ணிவெடி வெடித்தது. மதில்களுக்குப் பின்னாலிருந்து துப்பாக்கிகள் முழங்கின. பதினைந்து பேரில் பதின்மூன்று பேர் இறந்தார்கள். தாக்கிய புலிகளின் தரப்பில் செல்லக்கிளி என்ற போராளி இறந்தார்.

இறந்த சிப்பாய்கள் இளைஞர்கள், தூரத்துச் சிங்கள ஊர்களின் பிள்ளைகள். அவர்களுக்காக அழுத தாய்மாரின் துயரம் மெய்யானது. அதைக் குறைத்துச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. மறுநாள் யாழ்ப்பாணத்தில் இராணுவம் வெறிகொண்டு பொதுமக்களைச் சுட்டுக் கொன்றது. திருநெல்வேலியிலும் கந்தர்மடத்திலும் வீட்டிலிருந்தவர்களும் வீதியில் நின்றவர்களும் இறந்தார்கள். அவர்களுடைய தாய்மாரின் துயரமும் மெய்யானது. கொழும்பில் அன்று முதல் துயரத்துக்கு மட்டுமே இடம் கிடைத்தது. இரண்டாவது துயரம் செய்தியாகக்கூட வெளிவரவில்லை.

உடல்களைத் தனித்தனியே ஊர்களுக்கு அனுப்பாமல், கொழும்பில் பொரளை கனத்தையில் ஒன்றாக இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்வதென்று அரசு முடிவெடுத்தது. 24ஆம் திகதி ஞாயிறு மாலை கனத்தையில் ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். உடல்கள் வரவில்லை. நேரம் போகப் போகக் கூட்டம் கொதித்தது. இரவில் அது பொரளையின் தமிழ்க் கடைகள்மேல் திரும்பியது. 1915இல் சுட்டுக் கொல்லப்பட்ட தொண்டர் கப்டன் ஹென்றி பேதிரிஸின் உடலும் அந்தக் கனத்தை மண்ணில்தான் கிடந்தது. யாரும் அறியாத இடத்தில் புதைக்கப்பட்டிருந்தது.

25ஆம் திகதி திங்கட்கிழமை காலை, வெள்ளவத்தையின் காலி வீதி எரிந்தது. இராமகிருஷ்ணா வீதி, ஹம்டன் லேன், ஸ்டேஷன் ரோட் என்று பிரியும் ஒழுங்கைகளில் வீடு வீடாக அடையாளம் பார்த்துக் காடையர் நுழைந்தார்கள். கையில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் கடைகள், களஞ்சியங்கள் சாம்பலாயின. அதே நாள் வெலிக்கடைச் சிறையில் முப்பத்தைந்து தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். 27ஆம் திகதி மேலும் பதினெட்டு பேர். நாடு முழுவதும் இறந்தவர்களின் தொகை அரசின் கணக்கில் சில நூறு, தமிழர் தரப்புக் கணக்குகளில் 3,000 வரை.

இராணுவம் எங்கே இருந்தது? தெருவில்தான் இருந்தது. லொறிகளில் ஏறி நின்று பார்த்தார்கள் என்றும், சில இடங்களில் காடையருக்கு உற்சாகம் கொடுத்தார்கள் என்றும் தப்பியவர்கள் மீண்டும் மீண்டும் சாட்சி சொன்னார்கள். ஊரடங்குச் சட்டம் அன்று பின்னேரம்தான் வந்தது. காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் அயலவர்கள். வீட்டுக்குள் கூட்டிச்சென்று கட்டிலுக்குக் கீழே ஒளித்துவைத்த சிங்களவர்கள், வாசலில் நின்று பொய் சொல்லிக் காடையரைத் திருப்பி அனுப்பிய முஸ்லிம்கள், பறங்கியர்கள். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் இரத்மலானை விமானத்தளமும் அகதி முகாம்களாயின. கப்பல்கள் மறுபடியும் காங்கேசன்துறைக்குப் புறப்பட்டன.

1958இலும் கப்பல் புறப்பட்டது, 1983இலும் கப்பல் புறப்பட்டது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 1958இல் இராணுவத் தளபதி ஒரு தமிழர். அணியிலும் அதிகாரிகளிலும் எல்லா இனத்தவரும் கணிசமாக நின்றார்கள். 1983இல் தெருவில் நின்ற சிப்பாய்க்கு, முன்னால் எரியும் வீட்டில் இருப்பவன் தன்னோடு ஒரே அறையில் உறங்கிய தோழனின் சகோதரனாக இருக்கலாம் என்ற எண்ணம் வர வாய்ப்பே இல்லை. அவனுடைய அறையில் அப்படியொரு தோழன் இல்லை. தன் படையணியின் பதின்மூன்று பேர் இறந்த கோபம் மட்டுமே அவனிடம் இருந்தது. கோபத்தைக் கட்டுப்படுத்துவது ஒழுக்கம். ஆனால் பல இனத்தவர் கலந்து நிற்கும் அணியில் அந்த ஒழுக்கம் எளிதாகிறது, ஓர் இனத்தார் மட்டும் நிற்கும் அணியில் அரிதாகிவிடுகிறது.

போருக்குள் தொண்டர்கள்

யூலைக்குப் பிறகு இரு பக்கமும் தொண்டர்கள் பெருகினார்கள். சில டசின் பேர் கொண்டிருந்த தமிழ் இயக்கங்களுக்கு ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் போனார்கள். வெள்ளவத்தையில் வீடிழந்தவர்களின் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். அரச பக்கத்தில் தொண்டர் பட்டாலியன்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அவர்கள் பழைய கொழும்பு எழுதுவினைஞர்கள் அல்லர். வரண்ட வலயத்தின் வயல்வெளிகளிலிருந்தும், வேலையில்லாத சிறு பட்டினங்களிலிருந்தும் வந்தவர்கள். பெயர்தான் தொண்டர், வாழ்க்கை முழுநேரப் போர். தாக்குதலுக்குப் போகும் பட்டாலியன்கள் பிடித்த நிலத்தைக் காத்திருப்பது, வீதியைக் காப்பது, தனித்த முகாம்களில் நிற்பது என்று போரின் அலுப்பும் ஆபத்தும் நிறைந்த பங்கு அவர்களுக்கு வந்தது.

அப்படியொரு தனித்த முகாம் கொக்காவில். மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே ரூபவாஹினி அஞ்சல் கோபுரத்தைக் காத்த சிறு முகாம். 1990 யூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியதும் புலிகள் அதைச் சுற்றி வளைத்தார்கள். சிங்கப் படையணியின் மூன்றாம் தொண்டர் பட்டாலியனைச் சேர்ந்த லெப்டினன்ட் சாலிய அலதெனிய, காயமடைந்தவர்களை விட்டுப் போக மறுத்து, யூலை 11ஆம் திகதி அங்கேயே இறந்தார். நாட்டின் அதியுயர் வீர விருதான பரம வீர விபூஷணம் அவருக்கு வழங்கப்பட்டது. காயப்பட்ட தோழனைக் கைவிடாத மனிதனின் முன் எந்த மொழிக்காரனும் தலைகுனியலாம். அந்தக் குணம் ஒரு படையின் உண்மையான சொத்து. தோழன் என்ற வட்டம் எவ்வளவு அகலம் என்பதுதான் இந்தத் தொடரின் கேள்வி.

கொழும்பில் அந்த வட்டம் ஒடுங்கியே இருந்தது. குண்டுவெடிப்புகள் நகரத்தை உலுக்கிய ஆண்டுகளில் காலி வீதியிலும் கொட்டாஞ்சேனைச் சந்திகளிலும் சோதனைச் சாவடிகள் முளைத்தன. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தால் கேள்விகள் நீண்டன. வெளிநாட்டுப் பயணத்துக்கோ வைத்தியத்துக்கோ வந்து லொட்ஜில் தங்கியவர்கள் இரவில் எழுப்பப்பட்டார்கள். 2007 யூன் 7ஆம் திகதி அதிகாலை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை முதலிய இடங்களின் லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய ஊர்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்தை இடைநிறுத்தியது. பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். நீதிமன்றம் நடந்துகொண்ட விதம் பாராட்டுக்குரியது. ஆனால், நூற்றாண்டுகளாகத் தமிழர் வாழும் நகரத்தில் தமிழன் விருந்தாளியாகவே கணக்கிடப்பட்டான் என்பதை அந்த பஸ்கள் வெளிச்சம்போட்டுக் காட்டின.

கணக்கைத் தீர்க்கும் வழி

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. 2012 நவம்பரில் கிளிநொச்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பெண்கள் இராணுவத்தின் தொண்டர் படைப் பிரிவில் சேர்க்கப்பட்டார்கள். நல்லிணக்கத்தின் தொடக்கம் என்றது அரசு. எழுதுவினைஞர் வேலை என்று நம்பிச் சேர்ந்தார்கள், போரில் நொந்த குடும்பங்களின் வறுமை பயன்படுத்தப்பட்டது என்றார்கள் தமிழ் அரசியல்வாதிகளும் மனித உரிமையாளர்களும். இரு தரப்பின் வாதமும் கவனிக்கத்தக்கது. வறுமை தள்ளிவிட்டுச் சேர்வது வேறு, உரிமையோடு சேர்வது வேறு. முத்துக்குமாரு உரிமையோடு சேர்ந்தார். அவருக்குக் கட்டளையிடும் வாய்ப்பும் இருந்தது.

முத்துக்குமாரு ஓய்வுபெற்ற பிறகு பாகிஸ்தான், அவுஸ்திரேலியா, எகிப்து முதலிய நாடுகளில் நாட்டின் தூதராகப் பணியாற்றினார். இலங்கையின் இராணுவ வரலாற்றை எழுதி 1987இல் வெளியிட்டார். தான் சேர்ந்த படையணி உள்நாட்டுப் போரில் மூழ்கியிருந்த ஆண்டு அது. படையின் வரலாற்றைச் சொல்ல அவருக்கு முழு உரிமை இருந்தது. அந்த உரிமை அவருக்குப் பின்வந்த தமிழ்த் தலைமுறைக்குக் கிடைக்காமல் போனது நாட்டின் இழப்பு, தமிழருக்கு மட்டுமான இழப்பல்ல.

இலகு காலாட்படை இன்றும் இருக்கிறது. சுதந்திர தின அணிவகுப்பில் கண்டுல என்ற யானை முன்னே நடக்க அது வருகிறது. அதன் வயது நூற்று நாற்பதைத் தாண்டிவிட்டது. அதன் தொண்டர் பட்டாலியன்களில் கொழும்பு மாநகரத்தின் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் தயக்கமின்றிச் சேரவும், சேர்ந்தவர்கள் தங்கள் மொழியில் கட்டளை பெறவும், தகுதியுள்ளவர்கள் தளபதியாகவும் வழி திறக்க வேண்டும். இறந்த பதின்மூன்று சிப்பாய்களையும், அதே வாரம் இறந்த தமிழ்ப் பொதுமக்களையும் ஒரே நாட்டின் இழப்பாக நினைவுகூர வேண்டும். முதலாவது சட்டத்தாலும் கொள்கையாலும் செய்யக்கூடியது. இரண்டாவதற்குத் தேவை துணிவு. இரண்டில் ஒன்று இல்லாமல் மற்றது நிலைக்காது. 1881இல் அயல்நாட்டு ஆளுநர் ஒருவர் தன் வசதிக்காகத் திறந்துவைத்த வாசல் அது. இறைமையுள்ள நாடு ஒன்று தன் குடிகள் எல்லோருக்குமாக அதைத் திறக்க முடியாது என்று சொன்னால், அந்தப் பதிலை ஏற்க வேண்டிய கடமை கொழும்புவாசிகளுக்கு இல்லை.

அடுத்த வாரம்: 1942இல் கொக்கோஸ் தீவில் இலங்கைப் பீரங்கிப் படையினர் செய்த கலகமும், அதற்காகத் தூக்கிலிடப்பட்ட கிரேஷன் பெர்னாண்டோவின் கதையும்.

(தொடரும்)